எரிந்த உடலில் ஸ்கேன் எதைச் சொல்லும்?

கேள்வி: தீ விபத்தில் இறந்த எங்கள் உறவினரின் மண்டையோட்டில் விரிசலும் உள்ளே இரத்தக் கட்டியும் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் படித்தோம். யாரேனும் அடித்துக் கொன்றுவிட்டு எரித்திருப்பார்களோ என்று குடும்பமே கலங்கிப் போயிருக்கிறது. முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமா? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் கலக்கம் இயல்பானது. ஆனால் அந்த இரண்டை மட்டும் வைத்துக் கொலை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கடும் வெப்பத்தில் மண்டையோட்டில் தானாகவே விரிசல் விழக்கூடும். எலும்பின் மஜ்ஜையிலும் அதை ஒட்டிய சிரைகளிலும் உள்ள இரத்தம் கொதித்து வெளியேறி, எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே தேங்கிவிடும். அந்தக் கட்டி பழுப்பேறி, தேன்கூடு போலச் சிறு சிறு குமிழிகளோடு, எளிதில் உதிரும்படி இருக்கும். அடிபட்டதால் உண்டாகும் கட்டியோ கருஞ்சிவப்பாகத் திரண்டு, பெரும்பாலும் எலும்பு முறிந்த இடத்தை ஒட்டியே காணப்படும். எரிந்தவரின் கைகள் மடங்கிச் சண்டைக்கு நிற்பவர்போல் தோன்றுவதும் தசைகள் வெப்பத்தில் சுருங்குவதால்தான். அது போராட்டத்தின் அடையாளம் அன்று.

ஸ்கேனின் பெரும் பயன், உடலைத் தொடுவதற்கு முன்பே எலும்புகள் இருந்தபடியே பதிவாகிவிடுவது. கருகிச் சுண்ணாம்பாகிவிட்ட எலும்பும் பல்லும், உடலை வைத்துக் கொண்டுவரும் பையிலிருந்து எடுக்கும்போதே நொறுங்கக்கூடும். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பற்றிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். மெல்போர்னில் உள்ள விக்டோரியா தடயவியல் மருத்துவக் கழகத்தின் பிணவறையில் 2005 முதலே சி.டி. கருவி இருந்ததால், எரிந்த எச்சங்கள் அங்கே ஸ்கேன் செய்யப்பட்டன. பையில் இருப்பது மனித எலும்பா, விலங்கின் எலும்பா, ஒருவருக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் கலந்துள்ளனவா என்பதையெல்லாம் அந்தப் படங்களிலிருந்து அறிய முடிந்தது. பல்லில் அடைத்த உலோகமும் மாற்று மூட்டும்கூட, முகம் சிதைந்த பிறகு ஒருவரை அடையாளம் காட்டிவிடும். உடலில் குண்டு புதைந்திருந்தால் அதுவும் தப்பாது.

ஆயினும் ஸ்கேன் மட்டும் போதாது. தீப்பிடித்தபோது அவர் உயிரோடு இருந்தாரா என்பதே உங்கள் ஐயத்தின் மையம். மூச்சுக்குழாயைத் திறந்து, அதன் உட்சுவரில் கரி படிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு கலந்துள்ளது என்பதை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். இவை இருந்தால் அவர் புகையைச் சுவாசித்திருக்கிறார் என்று கொள்ளலாம். பெட்ரோல் தீபோல நொடியில் சூழும் தீயில் உயிரோடு இருந்தவரிடமும் இவை காணாமல் போகலாம் என்பதால், இல்லாமை மட்டுமே கொலைக்குச் சான்றாகிவிடாது.

மண்டைக்குள் இருந்த கட்டியையும் தனியே சோதிக்கலாம். உடலின் மற்ற இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு மிகுந்திருக்க, கட்டியில் மட்டும் அது இல்லையென்றால், புகையைச் சுவாசிப்பதற்கு முன்பே அந்த இரத்தம் கசிந்துவிட்டது என்று பொருள். அப்போது உங்கள் ஐயத்துக்கு வலுவான அடிப்படை உண்டு. கட்டி எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும். அதிலிருந்து மாதிரி எடுத்துத் தர மருத்துவரின் கத்தியால்தான் முடியும். ஆகவே அறிக்கையை மறுபடி எடுத்து, மூச்சுக்குழாயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, கட்டியின் நிறமும் தன்மையும் குறிக்கப்பட்டுள்ளனவா, இரத்தம் ஆய்வுக்கு அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால், பரிசோதித்த மருத்துவரிடம் விசாரணை அதிகாரி வழியாக எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள்.