ஆய்வு மனமும் கைவேலைப் பழக்கமும் உள்ளவர்கள் நல்ல திட்ட முகாமையாளர்களாக வருவார்களா?

வருவார்கள், ஆனால் எதையும் தாமே செய்துவிடத் துடிக்கும் கையை அடக்கப் பழகிய பிறகுதான். கிளிநொச்சி மாவட்டத்தில் சிறு குளங்களின் புனரமைப்பில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகத் தொடங்கி, பின்னர் அவ்வேலைகளைப் பொறுப்பெடுத்து நடத்தியவன் என்ற வகையில் எழுதுகிறேன்.

கணக்குப் புத்தி இத்தொழிலுக்குப் புறம்பானதன்று. வேலைகளைப் பட்டைகளாக வரைந்து காட்டும் கால அட்டவணையைப் பரவச் செய்த ஹென்றி கான்ட் ஓர் இயந்திரப் பொறியியலாளர். எந்த வேலை பிந்தினால் முழுத் திட்டமும் பிந்தும் என்று கணிக்கும் முறையோ 1950களின் பிற்பகுதியில் டூபொன்ட் என்ற இரசாயன நிறுவனத்தின் தேவையிலிருந்து உருவானது. சிறுபோக அறுவடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள் துருசை (நீர் திறக்கும் மதகை) மாற்றி, குளக்கட்டையும் உயர்த்த வேண்டிய எங்களுக்கு அந்தக் கணிப்பு மிக வேண்டியது.

நானும் அட்டவணை போட்டேன், அதுவும் பிழையின்றி. ஆயினும் முதன்முதல் பொறுப்பேற்ற குளத்தில், சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடந்த அன்று, கட்டுக்கு ஏற்ற களிமண்ணைத் தேடிக் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு வேறொருவரை அனுப்பினேன். விதைப்பு நாளும் நீர் நிறுத்தும் நாளும் தீர்மானமாவது அங்கேதான் என்பது எனக்குத் தெரியாததன்று, மண்தான் எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது. ஆவணியில் மண் தோண்டும் பெக்கோவும் மண்ணை இறுக்கும் உருளையும் வந்து இறங்கியபோது குளத்தில் இன்னும் நீர் தேங்கி நின்றது. "மண்ணைப் பிறகு பாருங்கோ தம்பி, பால் பிடிக்கிற பயிருக்குத் தண்ணியை நிப்பாட்டச் சொல்லுறியளோ?" என்று ஒரு கமக்காரர் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இயந்திரங்கள் வாடகை ஏறியபடி மூன்று வாரம் சும்மா நின்றன; பின்னர் வந்த மழையில் துருசுக்காகத் தோண்டிய குழி நிரம்பிவிட்டது.

கைப்பழக்கம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. மண்ணின் ஈரத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து அறிந்தவனிடம், உருளை போதிய தடவை ஓடிவிட்டது என்று ஒப்பந்தகாரர் எளிதில் கதை சொல்ல முடியாது. அந்த அறிவைக் கேள்வி கேட்பதற்குப் பயன்படுத்துபவர் நல்ல முகாமையாளர். உருளைச் சாரதியை இறக்கிவிட்டுத் தானே ஏறுபவரை, எவ்வளவு கெட்டிக்காரராயினும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சிய வேலையை மறுவருடமே முடித்தோம். அவ்வருடக் கூட்டத்துக்கு, கமக்காரர் அமைப்பின் தலைவர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தேன்.