வாசகர் கேள்வி – பதில்: அப்பாயி சொல்ல, பேரன் எழுதட்டும்

கேள்வி: என் மகன் தரம் 4இல் படிக்கிறான். ஓகஸ்ட் விடுமுறை வந்தால் நாள் முழுவதும் கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கிறான். கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டு வரியிலேயே கொட்டாவி விடுகிறான். நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்த் திரும்ப மாலையாகிவிடும். வீட்டில் எழுத்துத் தெரியாத அப்பாயி மட்டுமே இருக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: சகோதரி, அந்த அப்பாயியிடமிருந்தே தொடங்குங்கள்.

பிள்ளையின் கொட்டாவியைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் 'வந்துகிட்டு இருக்காங்க' என்று பேசுகிறவன், புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற 13 எழுத்துச் சொல்லைக் கண்டதும் எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டு போய், கடைசி எழுத்தை எட்டுவதற்குள் முதலில் வாசித்ததை மறந்துவிடுகிறான். ஆகவே, காதுக்குப் பழகிய சொற்களையே அவன் முதலில் தாளில் காணட்டும். அப்பாயி நாளுக்கொரு விடுகதையோ பழங்கதையோ சொல்ல, அவர் சொல்கிறபடியே அவன் ஒரு கொப்பியில் எழுதி, மாலையில் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். கைத்தொலைபேசியைப் பறிக்க வேண்டாம். கதையை அதிலேயே ஒலிப்பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதலாம். நம் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டத்து மக்கள் பாடிய பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அவர் செய்த வேலையைத்தான் நீயும் செய்கிறாய் என்று மகனிடம் சொல்லுங்கள்.

இரவில் கால் மணி நேரம் நீங்கள் வாசிக்க, அவன் கேட்கட்டும். கொழுந்து பறித்துக் களைத்து வருகிறவரிடம் இதைக் கேட்க எனக்கே மனம் தயங்குகிறது. வாரத்தில் மூன்று இரவு முடிந்தாலும் போதும். வரியின் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வாசித்து, கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் புத்தகத்தை அவன் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போங்கள். தென்மேற்குப் பருவமழை பெய்து, இஸ்தோப்பை (வீட்டு முன் திண்ணையை) விட்டு இறங்க முடியாத பகற்பொழுதில், மிச்சக் கதையை அவனே தேடி எடுக்கக்கூடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள்: வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை என்ற கவலை உங்களுக்கு இருக்கும். ஆனால் கதைக்குப் பின்னால் பரீட்சை வரும் என்று தெரிந்த பிள்ளை கதையையே வெறுக்கத் தொடங்கிவிடும்.

பாடசாலை தொடங்கும் நாளில் அந்தக் கொப்பியை ஆசிரியரிடம் காட்ட அவன் விரும்பினால், எழுத்துப்பிழைகளைத் திருத்தாமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள்.