'பிராப் 65' எச்சரிக்கை போட்ட உணவைக் கர்ப்பிணி சாப்பிடலாமா?

கேள்வி: சான் ஹோசேவில் இருக்கிறோம். மனைவிக்கு ஐந்தாம் மாதம். அவள் தினமும் குடிக்கிற தாவரப் புரதப் பவுடரிலும், எப்போதாவது வாங்குகிற டார்க் சாக்லேட்டிலும் ஈயத்தின் பெயரைச் சொல்லி, புற்றுநோய், பிறவிக் குறைபாடு என்று கலிஃபோர்னியாவின் 'பிராப் 65' எச்சரிக்கை இருக்கிறது. இரண்டையும் தூக்கி எறிந்துவிடவா?

பதில்:

பவுடரை நிறுத்திவிடுங்கள். சாக்லேட்டுக்காகக் கவலைப்பட வேண்டாம், அளவோடு சாப்பிடட்டும். இரண்டிலும் ஒரே வாசகம்தானே, பதில் மட்டும் ஏன் வேறு என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் இங்கே மசாலாப் பொருட்களை வரவழைத்துப் பேக் செய்கிற ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். லேப் ரிப்போர்ட் வந்ததும் இந்த எச்சரிக்கை வேண்டுமா வேண்டாமா என்று கணக்குப் போடுவது என் வேலை. என் பெண் வயிற்றில் இருந்தபோதும் இதே வேலைதான். அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

1986 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் பிராப் 65. இது எந்தப் பொருளையும் தடை செய்யவில்லை. 'சொல்லிவிட்டு விற்றுக்கொள்' என்பதுதான் அதன் சாரம். மாநிலம் வைத்திருக்கும் பட்டியலில் சுமார் 900 ரசாயனங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று, வாங்குபவரின் உடம்புக்குள் வரம்புக்கு மேல் போகும் என்றால் எச்சரிக்க வேண்டும்.

அந்த வரம்பு எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கருவைப் பாதிக்கும் ரசாயனம் என்றால், பாதிப்பு எதுவும் தெரியாத அளவை எடுத்து ஆயிரத்தால் வகுக்கச் சொல்கிறது சட்டம். ஈயத்துக்கு அப்படி வந்தது ஒரு நாளைக்கு 0.5 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கில் பாதி! 30 கிராம் சாக்லேட்டில் 0.02 பிபிஎம் (ஒரு கிராமுக்கு 0.02 மைக்ரோகிராம்) ஈயம் இருந்தாலே 0.6 மைக்ரோகிராம் ஆகிவிடும். எச்சரிக்கை போட்டாக வேண்டும். ஆனால் குழந்தைகள் சாப்பிடும் மிட்டாய்க்கு மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. பரிந்துரைக்கும் மேல்வரம்பு 0.1 பிபிஎம். அதே 30 கிராமில் அது 3 மைக்ரோகிராம். அதாவது எஃப்.டி.ஏ. ஏற்றுக்கொள்கிற ஒரு பொருள், கலிஃபோர்னியா வரம்பைப் போல ஆறு மடங்கு இருக்கலாம்.

இப்போது லேபிளின் பெரிய குறையைப் பாருங்கள். 0.6 மைக்ரோகிராம் உள்ள பொருளுக்கும் 6 மைக்ரோகிராம் உள்ள பொருளுக்கும் வாசகம் ஒன்றுதான். அளவைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஒரு தாய் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே எண் அதுதான், அது மட்டும் டப்பாவில் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் பொதுநலன் பேரில் வழக்குப் போடலாம். மீறலுக்கு ஒரு நாளைக்கு 2,500 டாலர் வரை அபராதம். அதனால் சோதனையே செய்யாமல் எதற்கும் இருக்கட்டும் என்று எச்சரிக்கையை ஒட்டிவிடுகிற நிறுவனங்கள் உண்டு. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், ரிப்போர்ட் வருவதற்கு முன்பே எல்லாப் பேக்கெட்டிலும் அச்சடிக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் உண்மையாகவே கவனிக்க வேண்டிய பேக்கெட்டையும் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று வாதாடினேன். எடுபடவில்லை. காபிக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். கொட்டையை வறுக்கும்போது தானாக உருவாகும் அக்ரிலமைடு என்ற, பட்டியலில் உள்ள ரசாயனத்துக்காக, காபிக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று 2018-இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். காபியால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மாநிலமே 2019-இல் விதியைத் திருத்தி விலக்குக் கொடுத்தது.

ஆனாலும் இந்தச் சட்டம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் நல்ல பலன் லேபிளுக்குப் பின்னால் நடக்கிறது. மாநில அட்டர்னி ஜெனரல் போட்ட வழக்கில், உருளைக்கிழங்கு சிப்ஸ் தயாரிப்பாளர்கள் 2008-இல் அக்ரிலமைடைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். எங்களிடமே ஒரு மஞ்சள் தூள் லாட்டில் ஈயம் அதிகமாக வந்தது. எச்சரிக்கை போட்டு விற்றிருக்கலாம், சட்டப்படி தப்பில்லை. நாங்கள் அரைக்கும் இடத்தை மாற்றினோம், அடுத்த லாட்டில் வரம்புக்குள் வந்துவிட்டது. வாங்கிய யாருக்கும் இது தெரியாது. எனக்கு இந்த வேலை பிடித்திருப்பதற்குக் காரணமே இப்படிப்பட்ட நாட்கள்தான்.

லேபிள் இல்லாததைப் பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஊரிலிருந்து பெட்டியில் வரும் பொடிகளுக்கு லேபிளே கிடையாது. 2023-இல் அமெரிக்கா முழுவதும் குழந்தைகளுக்கு விற்ற லவங்கப்பட்டை கலந்த ஆப்பிள் கூழில், பட்டைத் தூள் வழியாக ஈயம் வந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஈய குரோமேட் என்ற ஈயம் கலந்த நிறமியின் கலப்படம் என்று சந்தேகித்தார்கள். கலப்படம் செய்கிறவன் எச்சரிக்கை அச்சடிக்க மாட்டான்.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொக்கோ மரம் மண்ணிலிருந்து காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தை உறிஞ்சுகிறது. ஈயமோ பெரும்பாலும் கொட்டையைத் திறந்த வெளியில் காயப்போடும்போது தூசியாக ஒட்டுகிறது. எப்போதாவது நாலு துண்டு சாப்பிடுவதில் பெரிதாக ஏறிவிடாது. பவுடர் அப்படியில்லை. பட்டாணி, அரிசி போன்ற தாவரங்களின் புரதத்தைச் செறிவூட்டும்போது, மண்ணிலிருந்து வந்த உலோகமும் கூடவே வரலாம். ஒரு கரண்டி 30 கிராம், தினமும், மாதக்கணக்கில். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு எல்லா உணவும் சேர்த்து ஒரு நாளைக்கு 8.8 மைக்ரோகிராம் என்று எஃப்.டி.ஏ. ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. உங்கள் டப்பாவில் இருப்பது 0.6-ஆ 6-ஆ என்று உங்களுக்குத் தெரியாது. பருப்பு, முட்டை, தயிரில் அதே புரதம் கிடைக்கும்போது அந்தச் சந்தேகத்தைத் தினமும் குடிக்க வேண்டியதில்லை.

ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முன்பே உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் தங்கியிருந்து, கர்ப்பக் காலத்தில் கொஞ்சம் ரத்தத்துக்குத் திரும்பும். கால்சியமும் இரும்புச்சத்தும் குறைவாக இருந்தால் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே டாக்டர் கொடுத்த மாத்திரைகளை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். இத்தனை மாதம் குடித்ததை நினைத்து மனசு அடித்துக்கொண்டால், அடுத்த செக்கப்பில் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள். எளிய சோதனைதான்.

அப்புறம், டப்பாவை எறிவதற்கு முன் அடியில் இருக்கும் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, 'இந்த லாட்டில் ஒரு கரண்டிக்கு எத்தனை மைக்ரோகிராம் ஈயம்?' என்று நிறுவனத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். எங்களுக்கு அப்படி வரும் மெயில்களுக்கு நான்தான் பதில் எழுதுகிறேன், ரிப்போர்ட்டையும் இணைத்து.