லேசிக் மடல்: பிளேடா, லேசரா?

கே: எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பவர். கண்ணாடியை விட்டுவிட லேசிக் (லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பார்வையைச் சரிசெய்யும் அறுவை) செய்துகொள்ளப் போகிறேன். கருவிழியில் மடல் வெட்ட ஒரு டாக்டர் பிளேடு போதும் என்கிறார், இன்னொருவர் லேசரால்தான் வெட்டணும் என்கிறார். எத்தனை ராண்ட் என்று கேட்டால் தலை சுற்றுகிறது. (வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்)

ப: ராண்ட் கணக்கு அப்புறம், முதலில் மைக்ரான் கணக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லேசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மடலாக வெட்டி, ஒரு ஓரம் மட்டும் ஒட்டியிருக்கத் திருப்பிவிட்டு, அடியில் உள்ள திசுவை லேசரால் செதுக்குகிறோம். உங்கள் கருவிழியின் தடிமன் 520 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவருக்கு ஏறக்குறைய 14 வீதம் 84 போய்விடும். மடல் 110 என்றால் அடியில் 326 மிச்சம். பிளேடு 160-க்கு வெட்டிவிட்டால் 276தான். 250-க்குக் கீழே போகவே கூடாது. எனக்கு 300-க்குக் கீழே வந்தாலே கை தயங்கும். அடித்தளம் மெலிந்தால் பின்னாளில் கருவிழி கூம்பாகப் பிதுங்கக்கூடும்.

பிளேடு கூர்மையாகத்தான் இருக்கிறது. நினைத்த தடிமனில் நிற்பதில்லை, அதுதான் தொல்லை. நடுவில் மெலிசாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் வெட்டும். அதே பிளேடை அடுத்த கண்ணுக்கும் போட்டால் அந்த மடல் பெரும்பாலும் இன்னும் மெலிசாக வரும். மடல் வெட்டும் லேசரான ஃபெம்டோசெகண்ட் லேசர் நுண்குமிழிகளை வரிசையாக உண்டாக்கி ஏறக்குறைய ஒரே சீராகப் பிரிக்கிறது. சிலருக்குச் சில வாரம் வெளிச்சம் கூசும், அவ்வளவுதான். பவர் 2, 3 என்று இருந்து கருவிழியும் தடிப்பாக இருந்தால், கைதேர்ந்தவரிடம் பிளேடே போதும் என்பேன். மைனஸ் 6-க்கு என் ஓட்டு லேசருக்கு.

கே: தம்பிக்குப் பிளேடு பாதியில் நின்று, டாக்டர் மடலை மூடிவிட்டு அனுப்பிவிட்டார். தப்பு யாருடையது? (ஃபீனிக்ஸ்)

ப: கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும் வளையம் தளர்ந்திருக்கலாம். கண்ணை இறுக்கினாலே போதும், பிடி விட்டுவிடும். அரைகுறை மடலின் மேல் லேசரை ஓட்டாமல் நிறுத்தியது சரியான முடிவு. சில மாதம் ஆறவிட்டு, மடலே இல்லாத மேற்பரப்பு லேசரை யோசிக்கலாம். கருவிழியின் வளைவை முன்பே அளந்தார்களா என்று மட்டும் கேளுங்கள். ரொம்பச் செங்குத்தான கருவிழியில் பிளேடு நடுவில் ஓட்டை போட்டுவிடும். தட்டையானதில் மடல் முழுதாகக் கழன்றே வந்துவிடலாம்.

கே: லேசிக் முடிந்து மூன்றாவது வாரம் தைப்பூசம். காவடி எடுக்கலாமா? (டோங்காட்)

ப: காவடியை முடித்துவிட்டு அறுவைக்கு வாருங்கள். மடலின் ஓரம்தான் நன்றாக ஒட்டும். உள்ளே பழைய பலம் திரும்புவதே இல்லை. டர்பன் ஜனவரி வெயிலில் வேர்வையோடு விபூதியும் மஞ்சளும் கண்ணில் வழியும். உடனே துண்டை எடுத்து அழுத்தித் தேய்ப்பீர்கள். அந்த ஒரு தேய்ப்பில் மடலில் சுருக்கம் விழலாம், நகரவும் நகரலாம். அப்படி ஆனால் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கே: ஸ்மைல் முறையில் மடலே இல்லையாமே?

ப: ஆமாம். கருவிழிக்குள்ளேயே லேசரால் மெல்லிய வில்லை வடிவத்தில் திசுவை வெட்டி, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியே அதை உருவி எடுத்துவிடுவார்கள்.