பிறந்த மதத்தை விட்டு இன்னொன்றை ஒருவர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

நம்பிக்கையாளர் ஒருவர் ஒரு மதத்தை விட்டு இன்னொன்றை எதன் அடிப்படையில் தேர்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் தேர்வதே இல்லை. பிறந்த வீட்டு வழிபாடே அவர்களுடைய மதமாகிவிடுகிறது. தேர்ந்தவர்களுள் நான் மிகவும் மதிப்பது அம்பேத்கரை. இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கமாட்டேன் என்று 1935இல் இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள இயோலா என்னும் ஊரில் அறிவித்த அவர், உடனே வேறெங்கும் சேர்ந்துவிடவில்லை. சீக்கியத்தைத் தீவிரமாகப் பரிசீலித்தார், பிற மதங்களையும் எடைபோட்டார், பௌத்தத்தை முறைப்படி ஏற்க 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். மதம் பகுத்தறிவோடு பொருந்த வேண்டும், சமத்துவத்தை ஏற்க வேண்டும், வறுமையைப் புனிதமாக்கக் கூடாது என்பவை அவருடைய அளவுகோல்கள்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில், பர்மியத் துறவி சந்திரமணியிடம் பாலி மொழியில் புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளையும் ஐந்து ஒழுக்கங்களையும் ஏற்றபின், வெள்ளுடையில் திரண்டிருந்த லட்சக்கணக்கான மக்களுக்கு அவரே 22 உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். அம்மக்களுள் பலர் சமய நூல்களை ஒப்பிட்டுப் படித்தவர்கள் அல்லர்; கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் பட்ட அவமானமும், தங்களுக்காகப் போராடியவர்மீது வைத்த நம்பிக்கையுமே அவர்களை அங்கே கொண்டுவந்தன. அதை நான் தாழ்ந்த காரணமாக எண்ணவில்லை. தமிழகத்தின் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரோ, 1898இல் பௌத்தத்தை ஏற்றதை மதமாற்றமாகவே கருதவில்லை. முன்னோரின் சமயத்துக்குத் திரும்பியதாகவே கருதினார்.