உங்கள் வாழ்க்கையில் மிக அமைதியாகக் கழிந்த நாள் எது?

மூன்று வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் பிற்பகுதியில் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போது இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருந்தேன். மிச்சமிருந்த ஒரு நாள் விடுப்பை எடுத்தே தீர வேண்டும் என்றார்கள். துணைக்கு யாரும் கிடைக்கவில்லை. சரி, போகலாம் என்று எலுமிச்சைச் சாதத்தை டப்பாவில் கட்டிக்கொண்டு ரயிலேறி ஹாதர்சேஜில் இறங்கினேன். இருபது நிமிடப் பயணம்தான், அதில் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப்பாதை.

ஆட்டு மந்தைகளைத் தாண்டி ஒரு மணி நேரம் ஏறினால் ஸ்டானேஜ் எட்ஜ். ஆறு கிலோமீட்டர் போல நீளும் பாறை விளிம்பு. அதற்குப் பின்னால் எங்கு பார்த்தாலும் ஹெதர். முழங்கால் உயரப் புதர். மற்ற மாதங்களில் தேய்ந்த துடைப்பம் போலப் பழுப்பாகக் கிடக்கும். (துடைப்பமாகவும் கட்டியிருக்கிறார்கள். அதன் தாவரவியல் பெயரான கலூனாவே கிரேக்கத்தில் பெருக்குவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.) ஆகஸ்டில் சில வாரங்கள் மட்டும் மலையே ஊதாவாகிவிடும். குனிந்து பார்த்தால் பூ ஒவ்வொன்றும் வெந்தய அளவுதான். தேன் வாசனை, ஓயாத தேனீ ரீங்காரம். நடக்க நடக்க மகரந்தம் உதிர்ந்து, ஷூ இரண்டும் விபூதி பூசியதுபோல ஆகிவிட்டன.

பாறை மேல் ஆங்காங்கே சின்னக் குழிகள் வெட்டியிருந்தன. மழைநீர் வந்து சேர வாய்க்கால் கோடுகள், பக்கத்திலேயே செதுக்கிய எண். அடுத்த எண் எங்கே என்று தேடுவதே அன்றைக்கு என் வேலையாகிவிட்டது. கிரவுஸ் என்ற, கௌதாரி ஜாதிப் பறவை தண்ணீர் குடிக்க நூறு வருடங்களுக்கு முன் வெட்டியவையாம். என்ன கருணை என்று நினைத்தேன். சுட்டு விளையாடுவதற்காகத்தான் அந்தப் பறவைகளைப் பேணினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்காகவே இந்தப் பக்கத்து மேடுகள் பலவற்றில் ஜனங்களை விடாமல் காவல் போட்டிருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானோர் தடையை மீறிப் பக்கத்து கிண்டர் ஸ்கௌட் மலையில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் இந்தப் பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. நான் ஓசியில் நடந்த நடைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ஒரு குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். காலடிப் புதரிலிருந்து ஒரு கிரவுஸ் படபடவென்று கிளம்பி, "கோபேக், கோபேக்" என்று கத்திக்கொண்டே போனது. "அடப்பாவி!" என்று அலறியதில் பாதிச் சாதம் பாறைக்கு. அப்புறம் வெகுநேரம் காற்றும் தேனீயும்தான். போனில் சிக்னல் இல்லை. அதைக்கூட மதியத்துக்கு மேல்தான் கவனித்தேன்.

திரும்பும் ரயிலில் எதிர் இருக்கைப் பாட்டி என் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஹெதரா?" என்றார். "ஆமாம்" என்றேன். அந்த "அடப்பாவி"யைக் கழித்துவிட்டால், காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.