இரண்டு லட்சத்துக்குள் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: புதிதா, பாவித்ததா?

தம்பி, ஹட்டன் பக்கம் தோட்டப் பாதைகளில் ஓட இரண்டு லட்சத்துக்குள் ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் அதிர்வு தாங்கி (ஷாக்) உள்ள சைக்கிள், கேட்டிருந்தீர்கள். கடையில் இருக்கும் புதியதா, கொழும்பில் விலைக்கு வந்திருக்கும் பாவித்த நல்ல பிராண்டா என்றால், நான் பாவித்ததைத்தான் சொல்வேன். அந்த விலையில் வரும் புதியவற்றில் பின் ஷாக் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். அமுங்கினால் அதே வேகத்தில் திருப்பி உதைக்கும், ஏற்றத்தில் நீங்கள் மிதிக்கும் பலத்தையும் விழுங்கும். பாரமும் கூட.

ஆனால் படத்தைப் பார்த்து முற்பணம் போட வேண்டாம், நேரில் போங்கள். சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். ‘டக்’ என்று ஆடினால் பிவட்டின் (பின் ஃப்ரேம் அசையும் மூட்டு) பெயரிங்கோ, ஷாக்கைப் பொருத்தும் இடத்திலுள்ள புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஷாக் தண்டில் நகத்தை ஓட்டுங்கள். கீறல் தட்டுப்பட்டால் சீல் நிற்காது. பிவட்டைச் சுற்றி வெல்டிங்கில் வெடிப்பு இருந்தால் பேரம் பேசவே வேண்டாம், வந்துவிடுங்கள். ஷாக்கின் நீளத்தையும் ஸ்ட்ரோக்கையும் (அது அமுங்கக்கூடிய தூரம்) குறித்துக்கொண்டு, அந்த அளவு இன்னும் கிடைக்கிறதா என்று வாங்குமுன் தேடுங்கள். அந்த அளவு கிடைக்காமல் பழைய சைக்கிள்கள் முடங்குவதுண்டு.

120, 130 மில்லிமீட்டர் டிராவல் (சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம்) தாராளம். நம் இறக்கங்களுக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கட்டாயம். கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை சேர்விஸுக்கும், ஷாக்குக்குக் காற்றடிக்கும் பம்புக்கும் ஒதுக்குங்கள். காற்று ஷாக் என்றால், நீங்கள் ஏறி உட்காரும்போது அது தன் ஸ்ட்ரோக்கில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கும்படி காற்றடிக்க வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் மழை விடாது. சேறானால் வாளித் தண்ணீரில் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீர் பெயரிங்குக்குள் போய்விடும்.